கஸ்தெரா ஒன்று, தொலைபேசி இரண்டு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

ஜப்பானியத் தொலைக்காட்சியின் உணவு, பான விளம்பரங்களில் நெஞ்சில் நிற்பது எது? பொருளுக்கென்றே கட்டிய பாட்டா, பிரபலப் பாடகரின் ஹிட் பாட்டா? இதுதான் இன்றைய தலைப்பு. பொருளுக்கென்றே கட்டிய பாட்டுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி தாகம் தணிக்கும் பானமான பொக்காரி ஸ்வெட்டை எடுத்துக்கொண்டார். அதன் விளம்பரத்தில் 1992இல் இசையமைப்பாளர் ஓதா தெத்சுரோ தானே பாடிய பாட்டு, 1993இல் ஸார்ட் இசைக்குழுவின் பாட்டு, 1994இல் டீன் இசைக்குழுவின் பாட்டு என மூன்று வருடம் அடுத்தடுத்து வந்தன. மூன்றுக்கும் மெட்டுப் போட்டவர் ஓதா தெத்சுரோதான். மூன்றும் பெரிய ஹிட். எல்லாம் உண்மை. எனக்கும் அந்தப் பாட்டுகள் பிடிக்கும். ஆனால் நடுவர் அவர்களே, அந்தப் பாட்டுகளில் தாகம் இருக்கிறதா? தண்ணீர் இருக்கிறதா? மூன்றும் காதல் பாட்டுகள். இன்றைக்குக் கரோக்கே அறையில் கண்ணை மூடிக்கொண்டு அவற்றைப் பாடுகிறவருக்குப் பழைய காதல் நினைவுக்கு வரும், நீல நிற டப்பா வருமா? விளம்பரத்தால் பாட்டு வாழ்ந்தது. பானத்துக்கோ அடுத்த கோடைக்கு வேறு பாட்டு தேட வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானில் பெரும்பாலான விளம்பரங்கள் 15 வினாடிதான். அதற்குள் ஒரு முழுப் பாட்டை எப்படி அடக்குவது? பாட்டின் உச்சமான பகுதியை, அவர்கள் ‘சாபி’ என்று சொல்வதை, மட்டும் வெட்டி எடுத்து வைக்கிறார்கள். நான்கு நிமிடத்துக்குப் பிறந்த பாட்டின் ஒரு துண்டு அது. பொருளுக்கென்று கட்டிய பாட்டுக்கு இந்த வெட்டு கிடையாது. பிறக்கும்போதே அதன் அளவு 15 வினாடி. தொடக்கம், நடு, முடிவு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

புன்மெய்தோ விளம்பரத்தை எடுத்துக்கொள்கிறேன். 1900இல் நாகசாகியில் தொடங்கிய கடை, விற்பது கஸ்தெரா என்ற கேக். போர்ச்சுகீசியர் வழியாக வந்து ஜப்பானியப் பலகாரமாகவே ஆகிவிட்ட பண்டம். விளம்பரத்தில் கரடிக்குட்டி பொம்மைகள் வரிசையாக நின்று காலைத் தூக்கித் தூக்கி ஆடும். மெட்டு ஐரோப்பிய இசையமைப்பாளர் ஓஃபன்பாக்கின் கான்கான் நடன மெட்டு. சொல் என்ன? ‘கஸ்தெரா இச்சிபன், தென்வா வா நிபன், சான்ஜி நோ ஓயாத்சு வா புன்மெய்தோ.’ கஸ்தெரா என்றால் நாங்கள் முதல், தொலைபேசி எண் இரண்டு, மூன்று மணிக்குப் பலகாரம் புன்மெய்தோ. ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான் பாட்டு.

டோக்கியோவுக்கு வந்த புதிதில் எனக்கு ஜப்பானிய மொழி சுத்தமாகத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு நாள் நீளமான பெட்டியோடு வந்தார். திறந்தால் மஞ்சளாக, மேலே மட்டும் பழுப்பேறிய கேக். அடியில் ஒட்டியிருந்த பெரிய சர்க்கரைக் கற்கண்டு பல்லில் நறநறவென்று கடிபட்டது. பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆள்காட்டி விரலை நீட்டி ‘இச்சிபன்’ என்றார், அடுத்த விரலையும் சேர்த்து ‘நிபன்’ என்றார், மூன்றாவது விரலோடு பாட்டையே பாடி முடித்துவிட்டார். அவருக்கு வயது எண்பதுக்கு மேல். ஜப்பானிய மொழியில் நான் எண்ணக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். மெட்டு கடன் வாங்கியது என்று எதிரணி சொல்வார்கள். சொல்லட்டும். அந்தச் சொல்லை எந்தக் கடையிலிருந்தும் கடன் வாங்க முடியாது. இன்னொரு கடையின் பெயரை அதில் வைத்தால் எண்ணிக்கையோடு சேர்ந்த கட்டே குலைந்துபோகும்.

அடுத்தது கல்பீ நிறுவனத்தின் கப்பா எபிசென், 1964இல் வந்த இறால் வறுவல். அதன் பாட்டு, நிறுத்த முடியாது, நிற்காது என்று சொல்கிறது. பொட்டலத்துக்குள் போகும் கை என்ன செய்கிறதோ அதையே பாட்டும் செய்கிறது. நாக்குக்கும் கைக்கும் தெரிந்த விஷயத்தைப் பாட வேண்டுமென்றால் அந்தப் பண்டத்தைத் தின்று பார்த்தவன் எழுத வேண்டும்.

ஹவுஸ் நிறுவனத்தின் வெர்மான்ட் கறியை, அதாவது ஜப்பானியர் ‘கறி’ என்று சொல்லும் குழம்பை வீட்டில் வைப்பதற்கான கலவையை, எதிரணித் தலைவர் தன் பக்கம் இழுத்தார். சாய்ஜோ ஹிதெகி என்ற பெரிய நட்சத்திரம் 1973 முதல் பல வருடம் அந்த விளம்பரத்தில் வந்தாரே, நட்சத்திரம்தானே விற்றது என்றார். ஐயா, நட்சத்திரம் வந்தது உண்மை. அவர் தன் ஹிட் பாட்டையா பாடினார்? ஆப்பிளும் தேனும் உருகிக் கலக்கும் பாட்டையல்லவா பாடினார்! கறி என்றால் காரம், பெரியவர்கள் சாப்பாடு என்றிருந்த காலத்தில், 1963இல், குழந்தைகளும் சாப்பிடும் இனிப்புக் கறியாக அது வந்தது. குழம்பில் ஆப்பிளா என்று நமக்குத்தான் திகைப்பு என்றில்லை, அங்கேயும் அதை விளங்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னது பாட்டு. ஹிதெகி பாட்டுக்கு வேலை செய்தார்.

பொருளுக்கென்று கட்டுவது சின்னப் பாட்டு, கலை ஆகாது என்றும் ஒருவர் பேசினார். இது என்னைத் தைத்தது. 1973இல் மித்சுயா சைடர் என்ற சோடாவுக்குப் பாட்டுப் போட்டவர் ஓதாகி எய்இச்சி. ஜப்பானிய ராக் இசையின் பெருந்தலைகளில் ஒருவர். பழைய பாட்டைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை, அந்தச் சோடாவுக்கென்றே எழுதினார். 1977இல் தன் விளம்பரப் பாட்டுகளையே திரட்டி ஓர் இசைத்தட்டாக வெளியிட்டார். வெட்கப்பட வேண்டிய வேலை என்று நினைத்திருந்தால் வெளியிட்டிருப்பாரா?

எபிசு பீருக்கு வருகிறேன், அங்கேதான் எதிரணி பலமாக நின்றது. அந்த விளம்பரத்தில் வருவது ஆண்டன் கராஸ் ஜிதர் வாத்தியத்தில் வாசித்த புகழ்பெற்ற பழைய மெட்டு. ஒத்துக்கொள்கிறேன், அது பீருக்குப் பிறந்ததல்ல. ஆனால் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று மாற்றாமல் அதையே பிடித்துக்கொண்டார்கள். பீரை ஏற்றி அனுப்ப 1901இல் டோக்கியோவில் வந்த சரக்கு ரயில் நிலையம் பீரின் பெயரையே வாங்கிக்கொண்டது. இன்று எபிசு நிலையத்தில் ரயில் புறப்படும் ஓசையும் அந்த மெட்டுதான். ஒரு பொருளோடு அத்தனை காலம் குடித்தனம் நடத்திய மெட்டை நான் என் கணக்கில்தான் வைப்பேன்.

கடைசியாக இசையமைப்பாளர் கொபயாஷி அசெய். சன்டோரி ஓல்டு விஸ்கிக்குச் சொல்லே இல்லாத ஒரு மெட்டைக் கொடுத்தவர். மெய்ஜியின் செல்சி மிட்டாய்க்கும் மெட்டுப் போட்டவர் அவர்தான். ‘உனக்கும் செல்சி தர ஆசை’ என்று வரும் பாட்டு. மிட்டாய் 1971இல் வந்தது. அசெய் 2021இல் காலமானார். 2024 மார்ச்சில் மெய்ஜி அந்த மிட்டாய் விற்பனையையே நிறுத்திவிட்டது. அந்த வாரம் என் அலுவலகத்தில் ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கி, கிடைத்த ஒரே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாக நீட்டினார். ஐம்பது வயதுக்காரர். நீட்டும்போது பேசவில்லை, பாடினார். வாங்கிக்கொண்டவர்கள் மீதி வரியைப் பாடினார்கள். வணக்கம்.