வருஷத்துல ஒரே மாசம் வெளியே வரும் 38 ஓவியங்கள்: உங்க கலெக்‌ஷனை மெல்லக் கொல்ற எதிரி யாரு?

ஒருத்தர் உயில் எழுதி வெச்சுட்டுப் போறார். என்கிட்ட இருக்கிற 38 ஓவியங்களையும் மக்களுக்குக் கொடுக்கிறேன், கட்டணம் வாங்காம எல்லாத்தையும் ஒண்ணாக் காட்டுங்க, ஆனா ஜனவரி மாசம் மட்டும்தான் காட்டணும். மீதி பதினொரு மாசம் காட்சிக்கு வைக்கக்கூடாது.

(திரையில்: மூடின இருட்டுப் பெட்டி, மேல "பிப்ரவரி – டிசம்பர்" என்ற எழுத்து)

அவர் பேரு ஹென்றி வாகன். தொப்பி வியாபாரத்துல சம்பாதிச்ச குடும்பத்துல பிறந்தவர். லண்டன் தேசியக் காட்சியகத்துல இருக்கிற, ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிளோட "தி ஹே வெய்ன்" ஓவியம் இருக்கே, அதை 1886-ல கொடுத்தவரும் இவர்தான். அந்த 38 ஓவியங்கள் இன்னொரு ஆங்கில ஓவியர் டர்னர் வரைஞ்ச நீர்வண்ண ஓவியங்கள். 1900-ல ஸ்காட்லாந்து தேசியக் காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல ஆகியும், எடின்பரோல புத்தாண்டு பிறந்தாத்தான் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைக்கிற வழக்கம் தொடர்ந்துட்டு வந்திருக்கு. இப்பவும் அந்த நீலமும் மஞ்சளும் பளிச்சுன்னு இருக்கு.

ஏன் ஜனவரி? அந்த ஊர்ல அப்பதான் பகல் ரொம்பக் குட்டை, சூரிய வெளிச்சம் ரொம்ப பலவீனம். வெளிச்சத்தை லக்ஸ்ங்கிற அலகுல அளக்கிற லக்ஸ் மீட்டர் எதுவும் கையில இல்லாத ஒரு மனுஷன், தான் சேர்த்த படங்கள் மேல வெச்ச அக்கறையால மட்டும் இதைப் புரிஞ்சுக்கிட்டார். எனக்கு இவர் மேல அவ்வளவு மரியாதை!

வணக்கம் நண்பர்களே. நீங்களே வரைஞ்ச படங்களா இருக்கலாம், காசு கொடுத்து வாங்கினதா இருக்கலாம், தாத்தா விட்டுட்டுப் போன ஓவியமா இருக்கலாம். அதெல்லாம் இன்னும் ஐம்பது, நூறு வருஷம் நல்லா இருக்கணும்னா என்ன செய்யணும்? இன்னிக்கு வீடியோ அதுதான். வெளிச்சம், ஈரம், அமிலம், பூச்சி, கைதவறல்... எதிரிகள் பட்டியல் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா பூச்சியைப் பார்த்துப் பதறுற அளவுக்கு வெளிச்சத்தைப் பார்த்து யாரும் பதறுறதில்ல. அதனால இந்த வீடியோல பாதி வெளிச்சத்துக்கே போகப் போகுது. தெரிஞ்சேதான் செய்றேன்.

முதல்ல ஒரு ஓவியத்தோட ஓரத்தைப் பாருங்க.

(திரையில்: ஓவியத்தின் விளிம்பு, மிக நெருக்கமாக)

சிகாகோ கலை நிறுவனத்துல, பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883-ல வரைஞ்ச ஒரு பெண்ணோட உருவப்படம் இருக்கு, "மேடம் லியோன் கிளாப்பிசோன்". பின்னணி முழுக்க வெளிறின நீலமும் சாம்பலுமா, குளிர்ச்சியா இருக்கும். ரெனுவார் அப்படித்தான் நினைச்சு வரைஞ்சார்னு பார்க்கிறவங்க நம்பிட்டு இருந்தாங்க. ஆய்வுக்காக ஃப்ரேமைக் கழட்டுறாங்க. ஃப்ரேம் மூடியிருந்த அந்த மெல்லிய ஓரத்துல மட்டும், சும்மா நெருப்பு மாதிரி சிவப்பு! படம் முழுக்க ஒரு காலத்துல அந்தச் சூட்டோடதான் இருந்திருக்கு.

கண்ணுக்கே தெரியாத அளவு ஒரு துணுக்கு நிறத்தை எடுத்து, ராமன் விளைவை அடிப்படையா வெச்ச ஒரு ஆய்வு முறையில அது என்ன சாயம்னு கண்டுபிடிச்சாங்க. கார்மைன். கொச்சினீல்னு ஒரு பூச்சியில இருந்து எடுக்கிற சிவப்பு. அழகான நிறம், ஆனா வெளிச்சம் பட்டா கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போயிடும். 2014-ல பழைய நிறத்தைக் கணினியில மீட்டு, அசல் ஓவியத்தையும் அதையும் சேர்த்தே கண்காட்சியில வெச்சாங்க. ரெண்டையும் பார்த்தா வேற வேற ஓவியம்னுதான் சொல்லுவீங்க.

யாரும் அந்தப் படத்தைக் கீழே போடலை. தண்ணி கொட்டலை. பூச்சி அரிக்கலை. சுவர்ல மாட்டிப் பார்த்தாங்க, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு வெளிச்சம் ஆபத்து? இங்க ஒரு கணக்கு போடணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. காகிதத்துல வரைஞ்ச நீர்வண்ணம், துணி மாதிரி நுட்பமான பொருளுக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமா வெச்சிருக்கிற அளவு 50 லக்ஸ். கொஞ்சம் மங்கலா இருக்கேன்னு தோணுமே, அந்த வெளிச்சம். தினமும் 10 மணி நேரம், வருஷம் முழுக்க வெச்சா 1,82,500 லக்ஸ்-மணி நேரம் ஆகுது. இப்ப உச்சி வெயிலை எடுத்துக்கங்க. சுமார் 1,00,000 லக்ஸ். வகுத்துப் பாருங்க. ரெண்டு மணி நேரம்கூட முழுசா ஆகாது! அருங்காட்சியகம் ஒரு வருஷத்துக்குச் செலவு பண்ற வெளிச்சத்தை, நேர் வெயில் ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீர்த்துடுது. சாயங்காலம் ஜன்னல் வழியா வெயில் வந்து சுவர்ல விழுதுன்னா, அந்தச் சுவர்ல இருக்கிற படத்தை இந்த வீடியோவை நிறுத்திட்டு முதல்ல கழட்டுங்க. நான் காத்திருக்கேன்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கண்ணாடி போட்டிருக்கேனே, அது போதாதான்னு கேப்பீங்க. நல்லதுதான், போடுங்க. ஆனா கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமே நிறத்தை எடுக்கும். கண்ணாடி அழிவைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. போன நிறம் திரும்பியும் வராது.

வராதுன்னு சொன்னேன் இல்லையா, அதுலயும் ஒரு ஆச்சரியமான கதை இருக்கு. அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காகப் பெரிய சுவரோவியங்கள் வரைஞ்சு கொடுத்தார். 1964-ல, பெரிய ஜன்னல்கள் வெச்ச ஒரு சாப்பாட்டு அறையில அஞ்சு ஓவியங்களை மாட்டினாங்க. அதுல அவர் கலந்திருந்த லித்தால் ரெட்ங்கிற சிவப்பு வெளிச்சத்தைத் தாங்கலை. ஆழமான சிவப்பு நீலமா வெளிறிப் போச்சு, 1979-க்குள்ள எல்லாத்தையும் இறக்கி உள்ள வெச்சுட்டாங்க. மேல பெயின்ட் அடிக்கவும் முடியாது, அது ரோத்கோவோட மேற்பரப்பு. 2014-ல என்ன பண்ணாங்க தெரியுமா? பழைய ஸ்லைடு படங்களையும், மாட்டாம வெச்சிருந்ததால நிறம் மாறாத இன்னொரு ஓவியத்தையும் ஆதாரமா வெச்சு, எந்தெந்த இடத்துல எவ்வளவு நிறம் குறையுதுன்னு கணக்கெடுத்து, அந்தக் குறையிற நிறத்தை மட்டும் ப்ரொஜெக்டர்ல ஓவியத்து மேலயே வெளிச்சமா அடிச்சாங்க. பார்க்கிறவங்களுக்கு 1964 தெரியும். அந்தக் கண்காட்சி நடந்தப்போ தினமும் சாயங்காலம் 4 மணிக்கு ப்ரொஜெக்டரை அணைச்சிடுவாங்க. அந்த நொடி சிவப்பு போயிடும், உண்மையான ஓவியம் வெளிறிப்போய் நிக்கும்.

நமக்கு ப்ரொஜெக்டர் தேவையில்ல, முறை வெச்சா போதும். இருக்கிற படங்களை நாலு கூட்டமாப் பிரிங்க. மூணு மாசத்துக்கு ஒரு கூட்டம் சுவர்ல, மத்ததெல்லாம் இருட்டுல ஓய்வு. ஒவ்வொரு படமும் வாங்குற வெளிச்சம் நாலுல ஒரு பங்காக் குறையுது, செலவு பூஜ்யம். எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாட்டி வெக்கிறதைவிட இது ரசனைக்கும் நல்லதுன்னு நான் நினைக்கிறேன். மூணு மாசம் கழிச்சு ஒரு படம் திரும்பி வரும்போது அதைப் புதுசாப் பார்ப்பீங்க. ஸ்கெட்ச் பேனா, பால்பாயின்ட் பேனா, சாய மை பிரின்ட், பழைய அலிசரின் கிரிம்சன் சிவப்பு, இதெல்லாம் சீக்கிரம் மங்கும், இதுக்கு ஓய்வு அதிகமாக் கொடுங்க. நீங்களே வரையிறவரா இருந்தா, ட்யூப் மேல வெளிச்சத்தைத் தாங்கும் திறன் எவ்வளவுன்னு போட்டிருக்கும். வாங்குறதுக்கு முன்னாடியே படிச்சிடுங்க.

சரி, இருட்டுல எதுக்குள்ள வெக்கிறது?

இங்கதான் நல்ல எண்ணத்தோடயே நிறைய பேர் தப்பு பண்றாங்க. பழைய படம் ஒண்ணை மவுண்ட்ல இருந்து எடுத்துப் பாருங்க. ஜன்னல் மாதிரி வெட்டின அட்டை இருக்கே, அதோட சாய்வான வெட்டு விளிம்பு பழுப்பாகி இருக்கும். அட்டையைத் தூக்கினா, அந்த விளிம்பு தொட்ட இடத்துல எல்லாம் காகிதத்து மேல ஒரு பழுப்புக் கோடு, ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி நாலு பக்கமும் ஓடும். அது அழுக்கு இல்ல, அமிலச் சூடு. மலிவான அட்டை மரக்கூழ்ல செஞ்சது, அதுல இருக்கிற அமிலம் பக்கத்துக் காகிதத்துக்கு ஏறிடும், சாயம் போற துணியை வெள்ளைத் துணியோட ஊறவெச்ச மாதிரி. 1807-க்கு அப்புறம் படிகாரமும் ரோஸின்ங்கிற மரப்பிசினும் சேர்த்துக் காகிதம் செய்யிற முறை வந்துச்சு, பின்னாடி மரக்கூழ் வந்துச்சு, அப்ப இருந்து இந்தத் தொல்லை. வரலாறு அவ்வளவு போதும்.

வாங்க வேண்டியது அமிலமில்லாத அட்டை, முடிஞ்சா முழுக்கப் பருத்தியில செஞ்சது. கடைக்காரர் சொல்றதை நம்பலாமான்னு சந்தேகமா? அமிலம் இருக்கான்னு காட்டுற பி.எச். பேனான்னு ஒண்ணு கிடைக்குது. அட்டை ஓரத்துல ஒரு கோடு போடுங்க. ஊதாவா நின்னா நல்ல அட்டை, மஞ்சளா மாறினா அமிலம். அட்டையில மட்டும்தான் போடணும், ஓவியத்துல தப்பித்தவறிகூட வேண்டாம்!

பிளாஸ்டிக் உறை விஷயத்துல பி.வி.சி. வேண்டவே வேண்டாம். நாளாக நாளாக அதுல இருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிவரும், மெதுமெதுன்னு ஆகி ஒட்டிக்கும். பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் நல்லது. ஆனா கரித்துண்டுலயோ பேஸ்டல்லயோ வரைஞ்சதை பாலியெஸ்டர் உறையில போடாதீங்க. அதோட நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கும், உறையில ஒரு படம், காகிதத்துல பாதிப் படம்னு ஆயிடும். அதுக்கு ஆழமான மவுண்ட்தான் சரி. அப்புறம் செல்லோ டேப். தயவுசெஞ்சு ஒட்டாதீங்க. டேப் உதிர்ந்து போனாலும் அந்த மஞ்சள் கறை காகிதத்துக்குள்ள இறங்கி நிக்கும். ஜப்பானியக் காகிதமும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் வெச்சு, மேல் விளிம்புல மட்டும் கீல் மாதிரி ரெண்டு காகிதத் துண்டு ஒட்டுறதுதான் காகிதப் பாதுகாப்புல காலங்காலமா இருக்கிற முறை. தேவைப்பட்டா ஈரம் காட்டிக் கழட்டவும் முடியும்.

ஈரப்பதம் பத்திச் சுருக்கமா. ஒரு சின்ன ஈரப்பத மானி வாங்கி பீரோவுக்குள்ள வைங்க. 45-ல இருந்து 55 சதவீதம் அருமை, 65-ஐத் தாண்டினா பூஞ்சை காத்துட்டு இருக்கும். ஒரே நாள்ல ஏறி இறங்குறது இன்னும் மோசம். வெப்பநிலை 5 டிகிரி குறைஞ்சா காகிதத்தோட ஆயுள் கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. அதனால மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற சூடான அறையும் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், தரைத்தளத்துக்குக் கீழ இருக்கிற அறையும் வேண்டாம். 1966 நவம்பர் 4-ஆம் தேதி ஃப்ளாரன்ஸ் நகரத்துல ஆர்னோ ஆறு ஊருக்குள்ள வந்தப்போ, பழைய இத்தாலிய ஓவியர் சிமாபுவே வரைஞ்ச சிலுவை தன் வண்ணத்துல சுமார் 60 சதவீதத்தை இழந்துச்சு. வீட்டுக்குள்ள ஆறு வராது, குழாய் உடையும். தரையில இருந்து ஒரு சாண் உயரமாவது தூக்கி வைங்க.

பூச்சிக்கு அந்துருண்டை போடாதீங்க, அந்த ஆவி உங்களுக்கும் ஆகாது. அடிக்கடி திறந்து பார்த்துச் சுத்தமா வெச்சாலே ராமபாணப் பூச்சி பாதி அடங்கிடும்.

கேன்வாஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு. படுக்க வெச்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, நிக்க வைங்க, நடுவுல அட்டை கொடுங்க. குமிழ் உறையைப் பெயின்ட் மேல நேராச் சுத்தினா குமிழ் குமிழாத் தடம் விழும், அதை எடுக்க முடியாது. அக்ரிலிக் பெயின்ட் காய்ஞ்ச பிறகும் கொஞ்சம் மென்மையாவே இருக்கும், பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும், அதனால சிலிகான் பூசின காகிதம் இடையில வேணும். சுருட்டியே ஆகணும்னா பெரிய விட்டமுள்ள குழாய்ல, வண்ணம் வெளிப்பக்கமா இருக்கிற மாதிரி சுருட்டுங்க. உள்பக்கமாச் சுருட்டுறதுதான் பாதுகாப்புன்னு தோணும், ஆனா அப்படிச் சுருட்டினா பெயின்ட் நசுங்கி உதிரும்.

கடைசியா ஒண்ணு, இதுக்குச் செலவே இல்ல. 2004 மே 24-ஆம் தேதி கிழக்கு லண்டன்ல ஒரு கலைப்பொருள் கிடங்கு எரிஞ்சுபோச்சு. பிரிட்டிஷ் கலைஞர் டிரேசி எமினோட புகழ்பெற்ற கூடாரப் படைப்பு உட்பட நூத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் ஒரே ராத்திரியில போச்சு. தொழில்முறைக் கிடங்குக்கே அந்தக் கதி. அதனால ஒவ்வொரு படத்தையும் முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்துன்னு போட்டோ எடுங்க. விளக்கை அணைச்சுட்டு டார்ச்சைப் பக்கவாட்டுல படுக்க வெச்சு இன்னொரு போட்டோ எடுங்க. கண்ணுக்குப் படாத விரிசல், மேடு, பெயின்ட் தூக்கின இடம் எல்லாம் நிழலாத் தெரியும். அடுத்த வருஷம் அதே மாதிரி எடுத்து ஒப்பிட்டா, எது மோசமாகுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். யார் வரைஞ்சது, எப்ப வாங்கினது, எந்த அளவு, எல்லாம் எழுதி ஒரு பிரதியை வேற ஒரு வீட்டுல வைங்க. உங்களுக்கு அப்புறம் அந்தப் பெட்டியைத் திறக்கப்போற பிள்ளைங்களுக்கு அந்தத் தாள் இல்லைன்னா, எது ஓவியம் எது பழைய காகிதம்னு எப்படித் தெரியும்?

உங்ககிட்ட இருக்கிற ஒரு பழைய படத்தோட ஃப்ரேமை இந்த வாரம் கழட்டிப் பாருங்க. மூடியிருந்த ஓரத்துக்கும் நடுவுல இருக்கிற நிறத்துக்கும் வித்தியாசம் இருக்கான்னு கமெண்ட்ல எழுதுங்க, எந்த நிறம் முதல்ல போயிருக்குன்னும் சொல்லுங்க. அடுத்த வீடியோல பழைய போட்டோக்களும் நெகட்டிவ்களும்.