குஞ்சு எத்தனாவது நாள் செத்துச்சு? அதுல இருக்கு காரணம்

வணக்கம் மக்களே. "அம்பது கோழிக்குஞ்சு வாங்கினோம், நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு தினமும் நாலஞ்சு சாகுது, ஒரு நோயும் தெரியல." எல்லாரும் சொல்ற கதை இதான். மருந்துக் கடைக்கு ஓடாதீங்க. செத்தது எத்தனாவது நாள்னு எண்ணுங்க. வாங்கின நாள்ல இருந்து இல்ல, பொரிச்ச நாள்ல இருந்து. அந்தத் தேதியப் பொரிப்பகத்துலயே கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

நாலாம் நாள், அஞ்சாம் நாள் கும்பலா விழுந்தா முதல் சந்தேகம் பட்டினி. தீவனம் முன்னாடியே கிடக்குதே, எப்படிப் பட்டினின்னு கேப்பீங்க. முட்டைய விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி, மிச்சம் இருக்கிற மஞ்சள் கருவக் குஞ்சு வயித்துக்குள்ள இழுத்துக்கும். அந்தக் கட்டுச்சோறு ரெண்டு மூணு நாள் தாங்கும். அதனால ஒரு பருக்கை கூடக் கொத்தாத குஞ்சும் ரெண்டு நாள் கீச்சு கீச்சுன்னு ஓடும். அப்புறம் பொத்துன்னு விழும்.

இதக் கண்டுபிடிக்கிறது சுலபம். இங்க பாருங்க, குஞ்ச இப்படி உள்ளங்கையில வெச்சு, கழுத்து முடிஞ்சு நெஞ்சு ஆரம்பிக்கிற இடத்துல விரலால மெதுவாத் தடவுங்க. இதான் தீனிப்பை. கூழ் மாதிரி மெத்துன்னு இருந்தா தின்னு தண்ணியும் குடிச்சிருக்கு. நெருநெருன்னு கெட்டியா இருந்தா தண்ணி குடிக்கல. பலூன் மாதிரி இருந்தா வெறும் தண்ணிதான். ஒண்ணுமே தட்டுப்படலன்னா காலி வயிறு. இறக்கி 24 மணி நேரம் கழிச்சு 20 குஞ்சத் தடவினா 19க்காவது நெறஞ்சிருக்கணும். இல்லன்னா சூட்டுலயோ தண்ணியிலயோ கோளாறு.

தண்ணி முதல்ல, தீவனம் ரெண்டு மணி நேரம் கழிச்சு. கொதிக்க வெச்சு ஆறின தண்ணி, லிட்டருக்கு 50 கிராம் வெல்லம், அதுவும் முதல் சில மணி நேரத்துக்கு மட்டும். ஒவ்வொரு குஞ்சோட அலகையும் ஒரு தடவ நனைச்சு விடுங்க. தட்டுல கூழாங்கல்லு போட்டு வைங்க, இல்லன்னா உள்ள விழுந்து நனைஞ்சு விறைச்சே செத்துடும். தீவனத்தக் காகிதத்து மேல தூவுங்க. வழவழன்னு இருக்கிற பேப்பர் மட்டும் வேண்டாம், கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சு தீவனத்துக்கிட்டயே போக முடியாம ஆயிடும். சொரசொரப்பான அட்டை நல்லது.

அடுத்து சூடு. முதல் வாரம் குஞ்சோட முதுகு உயரத்துல 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு சுமார் 3 டிகிரி குறைச்சுக்கிட்டே வாங்க. குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. 50 குஞ்சுக்கு ஒரு 100 வாட் குண்டு பல்பு போடுறதவிட ரெண்டு 60 வாட் போடுங்க, நடுராத்திரி ஒண்ணு பியூஸ் போனாலும் இன்னொண்ணு இருக்கும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், குஞ்சுக்குப் பிரயோஜனம் இல்ல. காலையில ஒரே மூலையில தட்டையா நசுங்கிக் கிடந்தா ராத்திரி குளிர்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சு முட்டிச் செத்திருக்கு. நோய் இல்ல அது. கரண்ட் போச்சுன்னு கரி அடுப்ப உள்ள வெச்சுத் தார்ப்பாய இறுக்கி மூடினா இன்னும் மோசம். புகையே தெரியாது, கார்பன் மோனாக்சைடு மொத்தத்தையும் கொண்டு போயிடும்.

கோயில் திருவிழாவுல விக்கிற கலர் குஞ்சுங்க பிழைக்காததுக்கும் இந்தக் குளிர் ஒரு காரணம். சாயத்த மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

முதல் மூணு நாலு நாள்லயே செத்து, வயிறு உப்பி, தொப்புள் கறுத்து ஈரமா, கிட்டக் கொண்டு போனா நாத்தம் அடிச்சா அது தொப்புள் நோய். அழுக்கு முட்டை, சுத்தம் இல்லாத பொரிப்பான், அங்கிருந்து வர்றது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் பெருசா பிழைக்காது. அதனால வாங்கறப்பவே நாலு குஞ்சத் திருப்பிப் பாருங்க. தொப்புள் மூடிக் காய்ஞ்சிருக்கணும்.

சத்தமே இல்லாம வாயத் தொறந்து தொறந்து மூச்சு வாங்கினா கீழ போட்ட உமியையோ கடலைத் தொலியையோ மோந்து பாருங்க. பூஞ்சணம். இதுக்கு மருந்து தேடி அலையாதீங்க, மொத்தத்தையும் வாரிக் கொட்டிட்டு காய்ஞ்ச உமி ரெண்டு இஞ்சு போடுங்க.

பின்பக்கம் எச்சம் வெள்ளையா ஒட்டிக்கிட்டா வெதுவெதுப்பான தண்ணியில ஊற வெச்சுத் துடைங்க, பிச்சு இழுக்காதீங்க. ஆனா வெள்ளைக் கழிச்சலோட ரெண்டாவது, மூணாவது வாரம் வரைக்கும் சாவு தொடர்ந்தா சால்மோனெல்லாங்கிற பாக்டீரியாவா இருக்கலாம். தாய்க்கோழியில இருந்து முட்டை வழியா வரும். பிழைச்சதையும் முட்டைக்குன்னு வளர்க்க வேண்டாம்.

மூணு வாரத்துக்கு மேல ரத்தக் கழிச்சல்னா பெரும்பாலும் காக்சிடியோசிஸ், அதாவது குடல்ல ஒட்டுண்ணியால வர்ற நோய். ஆம்ப்ரோலியம் கொடுக்கச் சொல்வாங்க. கொடுக்கிற நாள்ல பி காம்ப்ளக்ஸ் டானிக்கக் கலக்காதீங்க. அந்த டானிக்ல இருக்கிற பி1 வைட்டமினத் தடுத்துத்தான் அந்த மருந்தே வேலை செய்யுது.

இதுல எதுலயும் அடங்கலன்னா பிரேதப் பரிசோதனைதான். கிட்ட இருக்கிற கால்நடை ஆஸ்பத்திரி, நாமக்கல் பக்கம்னா அங்க இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி. புதுசாச் செத்தது ரெண்டு, சோர்ந்து நிக்கிறது உயிரோட ரெண்டு கொண்டு போங்க. செத்தத பாலித்தீன் பையில கட்டி ஐஸுக்கு நடுவுல வைங்க. ஃப்ரீசர்ல வெச்சுடாதீங்க. உறைஞ்சு போனா ஈரலும் குடலும் கெட்டு, பார்க்கிற டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது.