போன் கமராவை ஓட்டோ மோட்லயே விடாதேங்கோ: திருமலை வெயிலுக்கு ஏத்த செட்டிங்ஸ்

வணக்கம் எல்லாருக்கும். இண்டைக்கு போன் கமரா செட்டிங்ஸ் பற்றி ஆறுதலாக் கதைப்பம். நான் திருகோணமலையில இருந்துதான் இந்த வீடியோவைச் செய்யிறன், அதால உதாரணம் எல்லாம் எங்கட ஊர்தான் வரும், கோணேசர் கோயிலடி, டச் பே, உப்புவெளி, இன்னர் ஹார்பர் ரோட் எண்டு, ஆனா நீங்க மட்டக்களப்பில இருந்தாலும் சரி ரொறன்ரோவில இருந்தாலும் சரி செட்டிங் ஒண்டுதான்.

லீவில ஊருக்கு வாற ஆக்கள்ல இருந்து பள்ளிக்கூடப் பிள்ளையள் வரைக்கும் என்னட்டக் கேக்கிறது ஒரே கேள்விதான், "அண்ணா, எந்த போன் வாங்கினா படம் வடிவா வரும்?" புதுசு வாங்க முதல் கையில இருக்கிறதை ஒழுங்காப் பாவிச்சுப் பாருங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். ஏனெண்டா எங்கட ஊர்ல படம் கெடுறது கனக்கவும் கமராவால இல்லை, வெளிச்சத்தால. ஒரு பக்கம் மின்னுற கடல், கீழ வெள்ளை மணல், மேல உச்சி வெயில், நடுவில எங்கட ஆக்களின்ட முகம், இது எல்லாத்தையும் ஒரே படத்துக்குள்ள போட்டா, எல்லாத்தையும் போனே தீர்மானிக்கிற ஓட்டோ மோட் தடுமாறத்தான் செய்யும். இதில எதை வெளிச்சமாக் காட்டோணும், எதை இருட்டா விட்டாலும் பரவாயில்லை எண்டு போனுக்குத் தெரியாது, அதை நீங்கதான் சொல்லோணும். செட்டிங்ஸ் எண்டுறது அதைச் சொல்லுற வழிதான்.

(திரையில: போனின்ட பின்பக்கம், லென்ஸ் கிட்டத்தில)

செட்டிங்குக்குள்ள போக முதல் லென்சைப் பாருங்கோ. போனைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரிச்சுப் பிடிச்சா, விரல் எண்ணெய் ஒரு படை, கடற்கரைக்குப் போய் வந்த போன் எண்டா அதுக்கு மேல உப்பு ஒரு படை, மங்கலா வெள்ளையாத் தெரியும். வெளிச்சம் அந்தப் படையில பட்டுச் சிதறும், அதாலதான் படம் புகை பிடிச்சமாதிரி வாறதும், இரவில லைட்டைச் சுத்தி நீளமாக் கோடு இழுக்கிறதும். மணல் ஒட்டியிருந்தா முதல் ஊதி விடுங்கோ, பிறகு லேசா ஈரமாக்கின பருத்தித் துணியால துடைச்சு, காய்ஞ்ச துணியால ஒருக்கா. மணலோட சேத்துத் தேய்ச்சா கீறல் விழும். ஏசி ரூமுக்குள்ள இருந்து அப்பிடியே வெளிய கொண்டு வந்தா லென்ஸ் பனிச்சுப் போகும், எங்கட ஊர்க் காத்தில ஈரம் கூட, அதுக்குக் கொஞ்சநேரம் பொறுக்கிறதைத் தவிர வேற வழியில்லை.

இப்ப எக்ஸ்போஷர், படம் எவ்வளவு வெளிச்சமா வரோணும் எண்டுறது. இந்த வீடியோவில ஒண்டே ஒண்டை மட்டும்தான் ஞாபகம் வைச்சிருப்பன் எண்டு சொன்னீங்களெண்டா இதை வைச்சிருங்கோ. போன் ஒரு காட்சியைப் பாத்த உடன அதின்ட வெளிச்சத்தை அளந்து, மொத்தப் படமும் ஒரு நடுத்தர வெளிச்சத்துக்கு வாறமாதிரிக் கணக்குப் போடும். இப்ப வாற போனுகள் இது முகம், இது வானம் எண்டு கண்டுபிடிச்சாலும் அடிப்படைக் கணக்கு இதுதான். அதால என்ன நடக்கும் எண்டா, நிலாவெளி மணல் பளிச்செண்டு வெள்ளை, போன் வெளிச்சம் கூடிப்போச்செண்டு நினைச்சுக் குறைக்கும், மணல் சாம்பல் நிறத்தில அழுக்கா வரும். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலைக் கரும்பாறையைக் கிட்டவா எடுத்தா மறுவளம், இருட்டெண்டு நினைச்சு வெளிச்சத்தைக் கூட்டும், பாறை வெளிறிப் போகும். அப்ப வெள்ளை கூட இருக்கிற இடத்தில நீங்க கூட்டோணும், கறுப்பு கூட இருக்கிற இடத்தில குறைக்கோணும். கேக்கேக்க தலைகீழாத் தெரியும், ஒருக்கா செய்து பாத்தீங்களெண்டா பிடிபட்டிடும்.

செய்யிற விதம் லேசு. திரையில உங்களுக்கு முக்கியமான இடத்தை விரலால தொடுங்கோ. ஐபோன்ல ஒரு மஞ்சள் பெட்டியும் பக்கத்தில சின்னச் சூரியனும் வரும், விரலை மேல இழுத்தா வெளிச்சம் கூடும், கீழ இழுத்தா குறையும். சாம்சுங்கிலயும் மற்ற அன்ட்ரொய்ட் போன்லயும் வட்டமும் அதோட ஒரு கோடும் வரும், வேலை அதேதான். தொட்ட இடத்திலயே விரலை எடுக்காம அழுத்திப் பிடிச்சா போக்கஸும் வெளிச்சமும் பூட்டுப்படும், பிறகு நீங்க கமராவைக் கொஞ்சம் அசைச்சாலும் மாறாது.

இதைக் கோணேசர் கோயிலடியில விடிய வெள்ளன செய்து பாருங்கோ. ஆறு மணிக்குக் கிட்ட சூரியன் கடலுக்குள்ள இருந்து எழும்பும், எல்லாரும் போனைத் தூக்குவினம், ஓட்டோவில எடுத்தா கனதரம் சூரியன் வெள்ளைப் பொட்டு, சுத்தி வானம் வெளுறல், கண்ணால பாத்த செம்மஞ்சள் படத்தில இல்லை. சூரியனைத் தொடாதேங்கோ, அதுக்குக் கொஞ்சம் தள்ளி நிறம் பிடிச்சிருக்கிற வானத்தைத் தொட்டு அழுத்திப் பூட்டுங்கோ, பிறகு சின்னச் சூரியனைக் கீழ இழுங்கோ, மெல்ல மெல்ல இழுக்க செம்மஞ்சள் திரும்பி வாறது திரையிலயே தெரியும், முகிலின்ட விளிம்பு வெட்டினமாதிரித் தெரியத் தொடங்கின இடத்தில நிப்பாட்டுங்கோ. பாறையும் மரமும் கறுத்துப் போகும், போகட்டும், அந்தக் கறுப்பு உருவம்தான் அந்தப் படத்துக்கு வடிவு. இதில ஒரு காரணமும் இருக்கு, இருட்டா வந்த இடத்தைப் பிறகு எடிட்டில கொஞ்சம் தூக்கி எடுக்கலாம், வெள்ளையா எரிஞ்சு போன இடத்தில ஒரு விவரமும் இருக்காது, என்ன செய்தாலும் திரும்ப எடுக்கேலாது. அதால சந்தேகம் வந்தா கொஞ்சம் குறைச்சே எடுங்கோ.

ஆக்களை எடுக்கேக்க கதை வேற. கடலுக்கு முதுகைக் காட்டி அம்மாவை நிப்பாட்டினீங்களெண்டா முகம் கறுத்துத்தான் வரும், பின்னால இருக்கிற வெளிச்சம் அவ்வளவு. முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கோ, எச்டிஆர் எண்ட செட்டிங் இருந்தா போட்டு விடுங்கோ. எச்டிஆர் என்ன செய்யுதெண்டா வேற வேற வெளிச்சத்தில சில படங்களை ஒரு நொடிக்குள்ள எடுத்து ஒண்டாச் சேக்கும், முகமும் தெரியும் கடலும் வெளுத்துப் போகாது. அதைவிட நல்ல வழி, அம்மாவை மர நிழலுக்குக் கூப்பிட்டு, வெளிச்சம் வாற பக்கத்தைப் பாத்து நிக்கச் சொல்லுறது. உச்சி வெயில்ல கண்ணுக்குக் கீழ விழுற கறுப்பு நிழலை எந்தச் செட்டிங்கும் சரியா எடுத்து விடாது.

முகம் எண்டு கதைக்கேக்க ஒண்டைச் சொல்லியே ஆகோணும். பியூட்டி மோட் எண்டு ஒண்டு இருக்கு, சில போன்ல வாங்கின நாளிலயே செல்பி கமராவில ஓனாத்தான் இருக்கும். தோலை மெழுகி, பல போன்ல நிறத்தையும் ரெண்டு படி வெளுப்பாக்கி விடும். தயவுசெய்து அதைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாங்கோ. எங்கட பிள்ளையள் தங்கட முகத்தைத் தங்கட நிறத்திலயே பாத்து வளரோணும், அப்பம்மாவின்ட முகச் சுருக்கம் படத்தில இருக்கோணும், பத்து வருசம் கழிச்சு அந்தப் படத்தை எடுத்துப் பாக்கேக்க அந்த முகம்தானே எங்களுக்கு வேணும். நிறம் கறுப்பா வருது எண்டு நினைச்சா அது வெளிச்சம் காணாதது, அதுக்கு மருந்து எக்ஸ்போஷர்.

திரையில குறுக்கும் நெடுக்குமா வாற கிரிட் கோட்டை ஓன் பண்ணி விடுங்கோ, ஐபோன்ல போன் செட்டிங்ஸுக்குள்ள கமரா எண்ட இடத்தில இருக்கு, மற்றதுகள்ல கமராவுக்குள்ளயே பல்லுச் சக்கரத்தை அமத்தினா வரும். எங்களுக்கு இது கட்டாயம் வேணும், ஏனெண்டா கடல் கோடு ஒரு பக்கம் சரிஞ்சா படம் முழுக்கச் சரிஞ்சமாதிரித்தான் தெரியும். கோட்டுக்கு நேர கடலை வைச்சா முடிஞ்சுது.

சூம் பண்ணேக்க விரலால இழுக்காதேங்கோ, திரையில இருக்கிற 0.5, 1, 2, 3 எண்ட பட்டனைப் பாவியுங்கோ. பட்டன் அனேகமா தனி லென்சுக்கோ, படம் பதியிற சென்சரின்ட நடுப்பகுதிக்கோ போகும், இடையில விரலால இழுக்கிறது படத்தை வெட்டிப் பெருப்பிக்கிறதுதான், எவ்வளவு இழுக்கிறீங்களோ அவ்வளவு தெளிவு போகும். பிரெட்ரிக் கோட்டைக்குள்ள மான் நிக்குமே, அதுகள் ஆக்களுக்குப் பழகினதுகள், அவசரப்படாம ரெண்டடி கிட்டப் போனா சூமே தேவையில்லை. கோட்டைக்குள்ள ராணுவ முகாமும் இருக்கு, அந்தப் பக்கம் கமராவைத் திருப்பாதேங்கோ.

(திரையில: ப்ரோ மோட், ஷட்டர் எண்ட இடம்)

அசையிற விசயத்தை எடுக்கிறதுக்கு ப்ரோ மோட் வேணும், செட்டிங்கை நீங்களே கையால மாத்துற மோட் அது. கரைவலை இழுக்கிறதை எடுக்கிறம் எண்டு வைப்பம். ஆக்கள் வரிசையா நிண்டு கயிற்றை இழுப்பினம், காலுக்குக் கீழ அலை அடிக்கும், வலை கிட்ட வரேக்க மீன் துள்ளும். வெளிச்சம் குறைஞ்ச நேரம் ஓட்டோவில எடுத்தா கையும் கயிறும் கலங்கிப் போகும். ப்ரோ மோடுக்குள்ள போய் ஷட்டரை, அதாவது வெளிச்சம் உள்ள வாற நேரத்தை, 1/500 செக்கனுக்கு வையுங்கோ, துள்ளுற மீனுக்கு 1/1000. ஷட்டர் எவ்வளவு வேகமோ அவ்வளவுக்கு உள்ள வாற வெளிச்சம் குறையும், அதை ஈடுகட்டத்தான் ஐஎஸ்ஓ, வந்த வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற எண் அது, வெயில் இருந்தா ஆகக் குறைஞ்ச 50 அல்லது 100 போதும், அப்பவும் படம் வெளுத்துப் போனா ஷட்டரை இன்னும் வேகமாக்குங்கோ, விடிய மங்கல் எண்டா 400 வரைக்கும் கூட்டலாம், அதுக்கு மேல போகப் போகப் படத்தில புள்ளி புள்ளியாத் தூள் விழும். எழும்பின உப்புத் துளி ஒவ்வொண்டும் தனித்தனியாத் தெரியும், கயிற்றின்ட முறுக்கும் தெரியும், ஒருக்கா இப்பிடி எடுத்தவை பிறகு ஓட்டோவுக்குப் போகமாட்டினம். விலை குறைஞ்ச சில மொடல்ல ப்ரோ மோட் இருந்தாலும் ஷட்டரை மாத்தேலாது, ஐபோன்ல ப்ரோ மோடே இல்லை, வேற ஆப் ஒண்டு போடோணும். அப்பிடிப்பட்டவை பேர்ஸ்ட் எண்டதைப் பாவியுங்கோ, தொடர்ச்சியா எடுத்துத் தள்ளும், அதுக்குள்ள நல்லதை எடுக்கலாம்.

பின்னேரம் இன்னர் ஹார்பர் பக்கம் சூரியன் இறங்கும். அங்க வாற பிரச்சினை நிறம். வைட் பலன்ஸ் எண்டுறது வெளிச்சத்தின்ட நிறத்தைச் சரிக்கட்டுற செட்டிங், அது ஓட்டோவில இருந்தா மஞ்சள் கூடிட்டுது எண்டு நினைச்சுத் திருத்தப் பாக்கும், தண்ணியில கிடக்கிற பொன் நிறம் மங்கிப் போகும். ப்ரோ மோட்ல வைட் பலன்சை 5500க்குக் கிட்ட வையுங்கோ, எண்ணுக்குப் பதிலாச் சின்னப் படங்கள் இருந்தா சூரியன் படம் போட்டதுதான் அது. எண்ணைக் கூட்டினா படம் மஞ்சள் பக்கம் போகும், குறைச்சா நீலப் பக்கம். வீட்டுக்குள்ள மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில எடுத்தா 3000க்குக் கிட்ட சரிவரும்.

இரவு எண்டா முதல் பிளாஷை நிப்பாட்டுங்கோ. போன் பிளாஷ் ரெண்டு மீற்றருக்கு அங்கால பெரிசா ஒண்டும் செய்யாது, தேர் தூரத்தில வரேக்க பிளாஷ் அடிச்சா முன்னுக்கு நிக்கிற ஆளின்ட முதுகுதான் வெளிச்சமாகும். நைட் மோட் கன படங்களை எடுத்துச் சேக்கிறது, அதால அது எடுத்து முடியுமட்டும் அசையக் கூடாது, மதிலிலயோ தூணிலயோ போனைச் சாய்ச்சு வைச்சு மூண்டு செக்கன் டைமரைப் போடுங்கோ, விரல் பட்டு ஆடுற ஆட்டமும் போயிடும். ஆனா நைட் மோட் அசையாத காட்சிக்குத்தான், கோபுரம், துறைமுகத்து லைட் எண்டு. சாமி வீதியில வரேக்க நைட் மோட் போட்டா ஆக்கள் எல்லாம் இழுபட்டுப் போவினம், அதுக்குச் சாதாரண மோட்ல விளக்கு வெளிச்சம் முகத்தில படுற நேரம் பாத்து எடுங்கோ. திருவிழாவில லைட் அலங்காரத்தை எடுக்கேக்க படத்துக்குக் குறுக்கால கறுத்தக் கோடு விழுதே, அது போன் பழுதில்லை. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், எண்டா செக்கனுக்கு 50 சுத்து, அதில எரியிற பல்ப் கன இடத்தில சுத்துக்கு ரெண்டு தரமா செக்கனுக்கு 100 தரம் மின்னும், கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/50 இல்லாட்டி 1/100க்கு வைச்சா கோடு அனேகமா மறைஞ்சிடும். கோயிலுக்குள்ள எடுக்க வேண்டாம் எண்டு போட்டிருந்தா எடுக்காதேங்கோ, அது பொதுவாச் சொல்லுறது.

50 மெகாபிக்சல் எண்டு பெட்டியில போட்டிருக்கும், படத்தைப் பாத்தா 12 அல்லது 12.5தான் இருக்கும். ஏமாத்து இல்லை, நாலு பிக்சலை ஒண்டாச் சேத்து வெளிச்சத்தைக் கூடப் பிடிக்கிற முறை அது. அப்பிடியே விடுங்கோ, இரவிலயும் வீட்டுக்குள்ளயும் அதுதான் நல்லது. நல்ல வெயில்ல, பெரிசாப் பிரிண்ட் அடிக்கிற எண்ணம் இருந்தா மட்டும் முழு 50க்கு மாத்துங்கோ.

போனைக் கவனிக்கிற விசயம் ரெண்டு. புறாமலைத் தீவுக்குப் போறவை, தண்ணி புகாதெண்டுற ஐபி68 தரம் இருக்குத்தானே எண்டு அப்பிடியே தண்ணிக்குள்ள இறங்காதேங்கோ, அந்தச் சோதனை நல்ல தண்ணியில செய்யிறது, உப்புத் தண்ணி வேற, தவறி நனைஞ்சா நல்ல தண்ணியால கழுவித் துடைச்சுக் காயவிட்டுத்தான் சார்ஜில போடோணும். மற்றது மோட்டச்சைக்கிள் ஹாண்டில்ல போனைப் பூட்டிக்கொண்டு ஓடுறவை, அந்த அதிர்வு கமராவின்ட ஆட்டம் குறைக்கிற பகுதியைப் பழுதாக்கலாம் எண்டு அப்பிள் கொம்பனியே 2021ல எச்சரிச்சது.

கடைசியா அனுப்புறது. இவ்வளவும் செய்து எடுத்த படத்தை வாட்சப்பில சும்மா அனுப்பினீங்களெண்டா அது சுருக்கித்தான் அனுப்பும், வெளிநாட்டில இருக்கிற அக்கா பாக்கேக்க அரைவாசித் தெளிவும் இல்லை. அனுப்ப முதல் மேல எச்டி எண்டதை அமத்துங்கோ, அப்ப சுருக்கிறது குறையும், எடுத்தபடியே போகோணுமெண்டா டொக்கியுமென்டா அனுப்புங்கோ. ஆனா டொக்கியுமென்டா போகேக்க படம் எடுத்த இடத்தின்ட விவரமும் அதோட சேந்து போகலாம், அதால தெரியாத ஆக்களுக்கு வீட்டில எடுத்த படத்தை அனுப்பிறதெண்டா கமராவில லொக்கேஷனை முதலே நிப்பாட்டி வையுங்கோ.