உட்காருவதற்கு ஓர் இடம்

நேயர்களுக்கு வணக்கம். வானொலி நிலையத்துக்குள் வந்ததும் வாசலில் இருந்தவர் "உட்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் அதைச் சொன்ன மறுநிமிஷமே மறந்திருப்பார். நான் மறக்கமாட்டேன், ஏனென்றால் இளவயதில் நான்கு வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள் நான். 'வேலை பார்த்தவள்' என்று சொல்ல வரவில்லை, நின்றவள் என்றுதான் வாயில் வருகிறது.

காலையில் கடை திறப்பதற்கு முன்னால் போய் நின்றால் இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கவேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. வாடிக்கையாளர் இல்லாத மதியத்திலும் நிற்கவேண்டும், அலமாரியில் சாயக்கூடாது. நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். மடிக்கிற சேலையைக் கை தவறியதுபோல் கீழே விடுவது, எடுக்கிற சாக்கில் மேஜைக்குப் பின்னால் அரை நிமிஷம் குத்தவைப்பது. ஒருத்தி விடுவாள், இன்னொருத்தி சூப்பர்வைசர் வருகிறாரா என்று பார்ப்பாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "என்ன, இன்னைக்குச் சேலைக்கெல்லாம் கால் முளைச்சிடுச்சா?" என்பார்.

ஒருநாள் ஒரு பாட்டி வந்தார். பேத்திக்குக் கல்யாணம். முப்பது சேலையாவது பிரித்துப் போட்டிருப்பேன், அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ உக்காரு தாயி, பார்க்கிற எனக்கே கால் வலிக்குது" என்று பக்கத்து ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். அது வாடிக்கையாளர் ஸ்டூல். உட்கார்ந்துவிட்டேன். அவர் சுருக்குப்பையைத் திறந்து பணத்தை இரண்டு தடவை எண்ணி முடிக்கிறவரைக்கும், அவ்வளவுதான். சாயங்காலம் அரை நாள் சம்பளம் பிடித்தம்.

கேளுங்கள், கதை அங்கே முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஜாக்கெட் துணி மாற்ற அதே பாட்டி வந்தார். மறுபடியும் ஸ்டூலைத் தள்ளினார். "வேண்டாம் பாட்டி, பரவாயில்ல" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பெரியவங்க முன்னாடி உக்காராத புள்ள, நல்ல வளர்ப்பு!" என்றார்.

நான் சம்பளத்துக்குப் பயந்து நின்றேன். அவர் கண்ணுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த உட்கார்கிற பைத்தியம். எங்கே போனாலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். வீட்டில் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது நம் ஊரில் வெறும் கால்வலிச் சமாச்சாரமாக என்றைக்கும் இருந்ததில்லை. மேலூர் பக்கத்தில் மேலவளவு. 1996ல் அந்தப் பஞ்சாயத்துத் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது, முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அவரையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஒரு நாற்காலிக்காக ஆறு உயிர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் இந்த ஊர்களில் தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்குத் தேர்தலில் ஆள் நிற்கவிடமாட்டார்கள், மீறி ஒருவர் ஜெயித்தால் பதவியேற்ற கையோடு ராஜினாமா. 2006ல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. சரி, அது பழைய கதை என்பீர்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பஞ்சாயத்துத் தலைவியான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியானதே, நாம் எல்லோரும் பார்த்தோமே? தேர்தலில் ஜெயித்தவர் அவர். நாற்காலிகளும் அந்த அறையிலேயேதான் இருந்தன.

இப்போது கடைக்கு வருகிறேன். தொழிற்சாலைகள் சட்டம், 1948. நின்று வேலை செய்கிறவர்களுக்கு, சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று அதன் 44வது பிரிவிலேயே இருந்தது. இங்கிலாந்தில் அதற்கும் முன்னால், 1899லேயே, கடையில் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். நம் கடைக்காரப் பெண்களுக்கு? கோழிக்கோட்டுப் பெண்கள் பல வருஷம் போராடி 2018ல் கேரளாவில் அந்த உரிமை வந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மில்லில் நிற்பவருக்குக் கிடைத்தது கடையில் நிற்பவருக்கு வந்துசேர 73 வருஷம்.

சட்டம் வந்தபிறகு நான் கடைகளுக்குப் போய்ப் பார்ப்பேன், வாங்க இல்லை, சும்மா பார்க்க. ஸ்டூல் இருக்கிறது. பல இடத்தில் அதன்மேல் அட்டைப்பெட்டி இருக்கிறது. ஒரு கடையில் "உட்காருவியாம்மா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினாள், வாய் திறக்கவில்லை. கடை நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்து ஜவுளிக்கடையில் வெள்ளை விரிப்பு போட்டு, விற்கிறவரும் வாங்குகிறவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் சேலையை விரித்தார்கள். வியாபாரம் நடக்காமலா போயிற்று?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிஷமாம். வீட்டு வேலைக்கு வருகிறவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல நினைத்து வந்தேன், பாட்டி கதை நேரத்தைத் தின்றுவிட்டது. வீடு கடை இல்லையே, அதனால் 22-அ அவர்களுக்கு இல்லை. காபி கொடுப்போம், அதை அவர்கள் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார்கள்? வாசல்படியிலா, சமையலறைத் தரையிலா, சோபா காலியாக இருக்கும்போதும்? நாளைக் காலையில் பாருங்கள். என் வீட்டு அக்கா பத்து வருஷமாகத் தரையில்தான் உட்கார்ந்தார், எத்தனையோ தடவை "மேலே உட்காருங்க" என்று சொல்லியும் கேட்கவில்லை. ஒருநாள் நானும் டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன், அவர் பதறி எழுந்து நின்றுவிட்டார். அப்புறம்... சரி, நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.