பளபளக்கும் பழைய வாட்ச்… வாங்குவதற்கு முன் 6-க்குக் கீழே பாருங்கள்!

[மேசை மேல் இரண்டு வாட்ச். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இரண்டுமே சீகோ 5: ஜப்பானின் சீகோ கம்பெனி செய்த, செல் இல்லாமல் ஓடும் வாட்ச். இரண்டுமே அப்பா காலத்து வாட்ச். இடது பக்கம் இருப்பதைப் பாருங்கள்: ஆரஞ்சு டயல், நேற்றுதான் டப்பாவிலிருந்து எடுத்தது போல மின்னுகிறது. வலது பக்கம் இருப்பது மங்கிப்போன வெள்ளி டயல், ஓரத்தில் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு. எது வேண்டும் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ஆரஞ்சைத்தான் எடுப்பார்கள். நானும் அதைத்தான் எடுத்தேன். காசு கொடுத்து எடுத்தேன். கையில் கட்டிக்கொண்டு மூன்று நாள் எல்லோரிடமும் காட்டினேன்.

நாலாவது நாள் ஸ்ட்ராப் மாற்ற எங்கள் தெரு வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனேன். அவர் கண்ணில் லென்ஸை மாட்டி, ஒரு பார்வை பார்த்து, லென்ஸைக் கழற்றாமலேயே சொன்னார்: "ஆள் பழசுதான் தம்பி. சட்டை புதுசு."

அந்தச் சட்டையைப் பற்றித்தான் இந்த வீடியோ. பழசும் புதுசும் கலந்து சொந்தமாக ஒரு வாட்ச் கலெக்‌ஷன் சேர்க்க வேண்டும், ஆனால் கிட்னியை விற்காமல் சேர்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. ரோலக்ஸ் வைத்திருப்பவர்கள் தாராளமாக அடுத்த வீடியோவுக்குப் போகலாம், உங்கள் கவலைகளே வேறு.

சரி, முதலில் வரலாறு. வேகமாக ஓட்டிவிடுகிறேன்.

[பழைய ஹெச்.எம்.டி. விளம்பரம் போன்ற ஒரு ஸ்டில்.]

1961-ல் பெங்களூரில், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கைகொடுக்க, அரசு நிறுவனமான ஹெச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்தது. முதல் வாட்ச்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா, காஞ்சன் என்று வரிசையாக மாடல்கள். மொத்தம் 10 கோடிக்கு மேல் செய்தார்கள். மாப்பிள்ளைக்கு வாட்ச் என்றால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் இதுதான். 1980களில் செல் போட்டு ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்தது, டைட்டன் வந்தது, ஹெச்.எம்.டி. தள்ளாட ஆரம்பித்தது. 2016 ஜனவரியில் வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததுமே, அதுவரை மேசை டிராயரில் தூங்கிய ஜனதாவை எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். இருக்கும்வரை திரும்பிப் பார்க்காமல், போன பிறகு படத்துக்கு மாலை போடுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

வரலாறு முடிந்தது. இப்போது சட்டைக்கு வருவோம்.

[ஆரஞ்சு டயல், மிக நெருக்கத்தில்.]

உலகம் முழுக்க வாட்ச் சேர்ப்பவர்கள் இந்த மாதிரி வாட்ச்சுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'மும்பை ஸ்பெஷல்'. உள்ளே இருக்கும் மெஷின் அசல். கேஸ் பெரும்பாலும் அசல், நன்றாகத் தேய்த்து பாலிஷ் போட்டது. டயல் மட்டும் சுரண்டி, புதிதாகப் பெயிண்ட் அடித்து, மேலே எழுத்து அச்சிட்டது. சில சமயம் முள்கூட வேறு வாட்ச்சிலிருந்து வந்திருக்கும். நான்கு வாட்ச்சைப் பிரித்து மூன்று வாட்ச் செய்வது ஒரு தனித் தொழில்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் நிறம். அசல் சீகோ 5-லும் கலர் டயல் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விற்பவரின் பக்கத்தில் ஒரே மாடல் ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ கலர், மயில் கழுத்து என்று வரிசையாக அடுக்கியிருந்தால், அது வாட்ச் கடை இல்லை, பட்டுப்புடவைக் கடை. வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது, தலைப்பில் சொன்ன இடம். டயலில் 6-க்குக் கீழே, கண்ணாடியின் விளிம்பை ஒட்டி, எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'ஜப்பான்' என்று ஆரம்பித்து ஒரு எண். என் வெள்ளி டயலில் அது 7009 என்று தொடங்குகிறது. இப்போது வாட்ச்சைத் திருப்புங்கள். பின்மூடியிலும் ஒரு மாடல் எண் இருக்கும், அதுவும் 7009 என்று தொடங்க வேண்டும். அதுதான் உள்ளே இருக்கும் மெஷினின் பெயர். முன்னால் ஒன்று, பின்னால் வேறு என்றால் இரண்டு வாட்ச்சுக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என் ஆரஞ்சு மாப்பிள்ளையில் அந்த வரியே இல்லை. 'ஜப்பான்' என்ற சொல் மட்டும் இருக்கிறது, அதிலும் ஒரு எழுத்து மை ஊறிப் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீகோ தொழிற்சாலையில் இப்படி ஒரு டயல் வெளியே வந்திருந்தால் அன்றைக்கு யாராவது ராஜினாமா செய்திருப்பார்கள்.

மூன்றாவது, கிழமை தெரியும் சின்ன ஜன்னல். அசலில் அதன் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். மறுபெயிண்ட் அடித்ததில் விளிம்பு தடித்து, மழைக்காலத்துச் சுவர் மாதிரி உப்பியிருக்கும்.

பின்மூடியில் இன்னொரு விருந்தும் இருக்கிறது. அங்கே இருக்கும் ஆறு இலக்கச் சீரியல் எண்ணில் முதல் இலக்கம் வருஷம், இரண்டாவது மாதம். 8, 1 என்று ஆரம்பித்தால் எட்டில் முடியும் ஒரு வருஷத்தின் ஜனவரி. 1978-ஆ, 1988-ஆ என்பதை மாடலை வைத்து முடிவு செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ மாமா கொண்டுவந்த சீகோ 5 இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள், வீடியோவை நிறுத்திவிட்டுப் போனாலும் பரவாயில்லை. கிழமையைத் திருப்பும்போது இங்கிலீஷுக்கு அடுத்து அரபி எழுத்து எட்டிப் பார்த்தால், அது வளைகுடாச் சந்தைக்கென்று செய்த வாட்ச். எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே ரொம்பப் பிடித்த தருணம் அதுதான். ஒரு சாவித் திருகலில், மாமா எந்த ஊர் வெயிலில் நின்று அதை வாங்கினார் என்று தெரிந்துவிடுகிறது.

இதில் ரிப்பேர் கடைக்காரர்களை நான் திட்டமாட்டேன். வியர்வையும் ஈரமும் புகுந்து டயல் பூத்துப்போன ஒருவர், "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்று கேட்டார். அவர்களும் ஆக்கிக் கொடுத்தார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அதே வாட்ச்சை 'அரிய மாடல், அசல் டயல்' என்று இணையத்தில் போட்டு விற்பவரிடம்தான் தகராறு.

'அழகாகத்தானே இருக்கிறது, பெயிண்ட் அடித்தால் என்ன தப்பு?' என்று கமெண்ட் வரும், தெரியும். கும்பாபிஷேகத்துக்குச் சுத்தம் செய்கிறோம் என்று பழைய கோயில் தூணில் மணலைப் பீய்ச்சி அடிப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? தூண் பளிச்சென்று ஆகிவிடும். யாளியின் பல் மழுங்கிவிடும், கல்வெட்டில் பாதி எழுத்து போய்விடும். டயல் மேல் இருக்கும் அந்தப் பழுப்பும் மங்கலும்தான் வாட்ச்சின் கல்வெட்டு. ஒருமுறை சுரண்டினால் போனது போனதுதான்.

அப்புறம், ஹெச்.எம்.டி. பைலட். கறுப்பு டயல், வெள்ளை எண்கள், சுமார் 35 மில்லிமீட்டர் அகலம். இன்றைய வாட்ச்கள் 42, 44 என்று தோசைக்கல் சைஸுக்குப் போய்விட்டதால், கட்டினால் முதல் வாரம் 'சின்னப் பிள்ளை வாட்ச்சா?' என்று கேட்பார்கள். பழகிவிடும். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு என் அத்தை, "பதினேழு கல்லா, அடகு வைத்தால் எவ்வளவு தருவான்?" என்று கேட்டார். ஒன்றும் தரமாட்டான் அத்தை. எல்லாம் செயற்கை மாணிக்கம், கடுகு சைஸ். சக்கரத்தின் அச்சு தேயாமல் சுழல்வதற்காக வைத்தது.

[அறை விளக்கு அணைகிறது. இருட்டில் வாட்ச்.]

இருட்டில் ஒளிரும் பெயிண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் வண்டிக்கு 'ரேடியம் ஸ்டிக்கர்' ஒட்டுகிறோமே, அதில் ரேடியம் துளிகூடக் கிடையாது. ஆனால் 1960களுக்கு முந்தைய பல வெளிநாட்டு வாட்ச்களில் நிஜ ரேடியமே இருந்தது. இப்போது அவை ஒளிர்வதில்லை, அதனால் செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். செத்தது ரேடியம் இல்லை, அதோடு கலந்திருந்த, ஒளி தரும் துத்தநாக சல்பைடு. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 வருஷம் வேண்டும். ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு செய்தது 1010-ல். அன்றைக்கு ஒரு கிராம் ரேடியத்தை அங்கே வைத்திருந்தால், இன்றும் அரை கிராமுக்கு மேல் மிச்சம் இருக்கும்! அதனால் அந்தக் காலத்து ஒளிரும் டயல் கிடைத்தால் மூடியைத் திறக்காதீர்கள், நகத்தால் சுரண்டாதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

இப்போது புதுசுக்கு வருவோம். 'மெக்கானிக்கல் மட்டும்தான் வாட்ச், செல் போட்டதெல்லாம் பொம்மை' என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களை ஒரு கணக்குப் போட்டு வம்புக்கு இழுக்கிறேன்.

பைலட்டைக் காதில் வையுங்கள். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு 5. குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள் இசைக்கவை வடிவத்தில் ஒரு குட்டிப் படிகம் இருக்கிறது, அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் அப்படி ஒரு விநோத எண்? பாதியாக்கிக்கொண்டே போங்கள். 16,384. 8,192. 4,096. இப்படி 15 தடவை பாதியாக்கினால் சரியாக 1. உள்ளே இருக்கும் சில்லு இந்த வேலையைத்தான் இரவு பகலாகச் செய்து, விநாடிக்கு ஒரு தட்டு முள்ளைத் தட்டுகிறது. 1969 டிசம்பர் 25 அன்று சீகோ குவார்ட்ஸை முதன்முதலாகக் கைக்கடிகாரமாக விற்றபோது விலை 4,50,000 யென், ஜப்பானில் ஒரு சின்னக் காரின் விலை. இன்றைக்கு 1989-ல் வந்த கேஸியோ எஃப்-91டபிள்யூவில் அதே வித்தை சில ஆயிரங்களுக்குள் கிடைக்கிறது. மாதத்துக்கு அரை நிமிஷம் பிசகலாம் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. என் சீகோ 5 அந்த அரை நிமிஷத்தை ஒரே நாளில் தின்றுவிடும். கலெக்‌ஷனில் ஒரு எஃப்-91 இல்லாதவரை நான் கலெக்டராகவே ஏற்பதில்லை. சண்டைக்குக் கமெண்டில் வாருங்கள்.

டைட்டன் நம் வீட்டுப் பிள்ளை. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது, தொழிற்சாலை ஓசூரில். பெயரிலேயே டாடா இண்டஸ்ட்ரீஸும் தமிழ்நாடும் ஒளிந்திருக்கின்றன. 2002-ல் வந்த எட்ஜ் மாடலின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் மெஷின் 1.15 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயமே அந்த மெஷினைவிடத் தடி. பழைய எட்ஜ் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காதீர்கள், வாங்கிவிட்டு எனக்கும் ஒரு போட்டோ அனுப்புங்கள்.

பராமரிப்பு? பழைய வாட்ச்சின் முதுகில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர் படக்கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் எப்போதோ கருவாடாகியிருக்கும். இரவு 9 மணியிலிருந்து 3 மணிவரை தேதியைத் திருப்பாதீர்கள், அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைப் பல் பிடித்துக்கொண்டிருக்கும், உடைந்துவிடும். கட்டாமல் வைத்திருக்கும் குவார்ட்ஸில் செல்லைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் மெஷின் காலி. நன்றாக ஓடிய வாட்ச் திடீரென்று குதிரை மாதிரி ஓட ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம். என்னுடையது ஒரு நாளில் 25 நிமிஷம் முந்தியது. ராத்திரி ஸ்பீக்கர் மேல் கழற்றி வைத்திருந்தேன், காந்தம் ஏறிவிட்டது. ரிப்பேர் கடையில் காந்தம் நீக்கும் கருவி மேல் வைத்து எடுத்தார், ஒரு நிமிஷ வேலை. காசு வாங்கவில்லை, ஆனால் ஆரஞ்சு வாட்ச் எங்கே என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

எங்கே வாங்குவது என்றால், என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முதலில் உங்கள் வீட்டில். அப்புறம் பெரியப்பா வீட்டில். அதற்கப்புறம் தெரு ரிப்பேர் கடையில், சரிபார்க்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போனவர்களின் வாட்ச் ஒரு டப்பா நிறைய இருக்கும். இணையத்தில் வாங்குவது கடைசி. அங்கேயும் விற்பவரிடம் பின்மூடியைத் திறந்து மெஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'திறக்க ஆள் இல்லை சார்' என்றால், வாங்கவும் ஆள் இல்லை சார்.

[ஆரஞ்சு வாட்ச் கையில் கட்டப்படுகிறது.]

ஆமாம், இதை இன்னும் கட்டுகிறேன். டயல் பொய், மெஷின் நிஜம், நேரம் சரியாகத்தான் காட்டுகிறது. உங்கள் வீட்டு டிராயரில் இருப்பதன் சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தையும் மாடல் எண்ணையும் கமெண்டில் போடுங்கள், எந்த வருஷம், எந்த மாதம் என்று நான் சொல்கிறேன். முகத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள், எனக்கு முதுகுதான் வேண்டும்.