பேய்க்கும் பாஸ்வேர்டு வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஹேக்கர் கதைக்குள் ஒரு பேயை விட்டால் என்ன ஆகும்? அமானுஷ்யமும் அறிவியல் புனைவும் கலந்த திகில் கதைகளில் பெரும்பாலும் இரண்டுமே கெட்டுப்போகின்றன. பேய் வந்ததும் கம்ப்யூட்டர் வெறும் மேஜைச் சாமானாகிவிடுகிறது. திரை தானாக மின்னும், ரத்தச் சிவப்பில் எழுத்து ஓடும். இதற்கு ஹேக்கர் எதற்கு? மந்திரவாதியே போதுமே!

என் கட்சி இதுதான்: ஆவியே ஆனாலும் பாஸ்வேர்டு கொடுத்துத்தான் உள்ளே வரவேண்டும்.

இப்படி ஒரு கதை என்று வைத்துக்கொள்வோம். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சர்வர் தானே குறித்துவைக்கும் பதிவேடான லாகில் ஒரு வரி. இறந்துபோன ஊழியரின் பெயரில், அதிகாலை 3.12க்கு லாகின். கதாநாயகி பதறமாட்டாள், விவரம் தெரிந்தவள். முடக்காமல் விட்ட கணக்கு என்பாள். இல்லையென்றால், அவர் நேரம் குறித்து வைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் குட்டி நிரல், இன்னும் ஓடுகிறது என்பாள். நிஜத்திலும் அப்படி ஓடும். யாராவது நிறுத்தும்வரை அதற்குச் சாவு கேதம் எதுவும் தெரியாது. சரி, கணக்கை முடக்குகிறாள். மறுநாளும் அதே வரி. ஸ்கிரிப்டை அழிக்கிறாள். மறுநாளும். கடைசியில் நெட்வொர்க் கேபிளையே பிடுங்குகிறாள். நியாயமான காரணங்கள் ஒவ்வொன்றாக அடைபட அடைபடத்தான் வாசகருக்கு முதுகு சில்லிடும்.

நிஜ உலகிலேயே இதற்கு நல்ல பாடங்கள் உண்டு. 1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் பயன்பாட்டுக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. வானியலாளர் கிளிஃபர்டு ஸ்டோல் அதை விடாமல் துருவினார். ராணுவத் தகவல்களைத் திருடி சோவியத் உளவுத்துறைக்கு விற்றுவந்த ஒரு ஜெர்மன் ஹேக்கரிடம் போய் நின்றது அந்தச் சில்லறைக் கணக்கு.

2010இல் வெளியில் தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற நாசகார மென்பொருள் இன்னும் பொல்லாதது. யுஎஸ்பி டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது. ஈரானின் நடான்ஸ் ஆலையில் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் என்னும் சுழல் எந்திரங்களைப் பாழாக்கிக்கொண்டே, கண்காணிப்பவர்களுக்கு மட்டும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டியது. பக்கத்தில் எந்திரம் செத்துக்கொண்டிருக்கிறது, திரையோ சுகம் என்கிறது. நம் பேய்களுக்கு இந்தச் சாமர்த்தியம் இன்னும் கைவரவில்லை.

அதனால், எழுத உட்காரும் நண்பர்கள் பேய்க்கான விதிகளை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மின்சாரம் போனால் அது எங்கே போகும்? பழைய பதிப்பு மென்பொருளில் அதற்கு மூச்சு முட்டுமா? அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: பேக்கப்பில் அதன் நகலும் இருந்து, அதை யாராவது இன்னொரு சர்வரில் ஏற்றிவிட்டால், ஒரே மனிதருக்கு இரண்டு ஆவிகளா? அந்த இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தால் என்ன பேசிக்கொள்ளும்? இதை யாராவது எழுதினால் முதல் ஆளாக நான் படிப்பேன். நன்றி, வணக்கம்.