கதிர்காமக் காட்டுப்பாதையில் ஒரு நாள்

(காட்சி: வெள்ளவத்தைக் கடற்கரை, விடிகாலை. ஈர மணலில் வெறுங்கால் தடங்கள்.)

வணக்கம். போன வருடம் ஆனி மாதம் முழுக்க இந்த மணலில்தான் நடந்தேன். தினமும் ஒரு மணித்தியாலம், தோளில் ஐந்து கிலோ அரிசிப் பை. இலங்கையின் தெற்கே இருக்கும் முருகன் தலமான கதிர்காமத்துக்குக் காட்டுவழியாகப் பாதயாத்திரை போக ஆயத்தம் அது. போய்வந்த பிறகு வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் நடந்தீர்கள்?" அந்தக் கேள்விக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. காட்டுக்குள் யாரும் கிலோமீற்றர் பேசுவதில்லை. அடுத்த தண்ணீர் எங்கே என்றுதான் பேசுவார்கள். ஒரு நாள் நடையை அந்தத் தண்ணீரை வைத்தே இந்த வீடியோவில் விளக்கப்போகிறேன்.

(காட்சி: இலங்கை வரைபடம். கிழக்குக் கரையோரமாக ஒரு கோடு இறங்குகிறது.)

முழு யாத்திரை யாழ்ப்பாணத்தில், தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கும். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று இறங்கி வாரக்கணக்கில் நடப்பார்கள். கொழும்பில் வேலை பார்க்கும் எங்களுக்கு அவ்வளவு லீவு கிடைக்காது. இரவு பஸ்ஸில் ஏறி விடியப் பொத்துவிலில் இறங்கி, பாணமை வழியாக உகந்தை முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துகொள்வோம். குமண தேசியப் பூங்காவின் வாசல் அங்கேதான் இருக்கிறது. கதிர்காம ஆடித் திருவிழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் அந்தக் காட்டுப்பாதையைத் திறந்துவிடுவார்கள். உள்ளே போனால் கதிர்காமம் சேர நான்கைந்து நாள்.

நான் சொல்லப்போவது கும்புக்கன் ஓயா ஆற்றங்கரையில் விடிந்து, நாவலடி என்ற தங்குமிடத்தில் முடிந்த நாளை.

(காட்சி: ஆற்றங்கரை. பெரிய மரங்களின் அடியில் அடுப்புப் புகை.)

சிங்களத்தில் கும்புக் என்றால் மருதமரம். ஆற்றின் இரு கரையிலும் கட்டிப்பிடிக்க முடியாத மருதமரங்கள். குமண பூங்காவுக்கும் யால பூங்காவுக்கும் நடுவே ஓடும் இந்த ஆறுதான் அந்தப் பாதையில் கிடைக்கும் பெரிய தண்ணீர். காலை நாலு மணிக்கே எழும்பினோம். குளிர்ந்த ஆற்றில் ஒரு முழுக்கு, நெற்றியில் திருநீறு, வேலுக்கு முன்னால் கற்பூரம், அரோகரா. அப்புறம் எல்லோரும் போத்தல்களை நிரப்பினார்கள். என் முதுகுப்பையோ தோளை அறுத்துக்கொண்டிருந்தது. மட்டக்களப்பிலிருந்து நடந்து வந்த ஒரு வயதான அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அரிசியை உரப்பையில போட்டுத் தலையில வை மனே. தோள் நோகாது." அப்படியே செய்தேன். உண்மைதான்.

இருட்டில் புறப்படுவதில்லை. யானை மட்டும் காரணமல்ல, கரடியும்தான். ஆனி ஆடியில் பாலைப்பழம் பழுக்கும். கரடிகள் அதைத் தேடித்தான் மரத்தடிக்கு வரும். அதனால் வெளிச்சம் வந்த பிறகே வேல் தூக்கும் சாமி முன்னால் போக, ஒருவர் பின் ஒருவராக நடை. பாதையில் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். பத்து வயதுப் பிள்ளையும் சாமி, அவனைக் கூட்டி வந்த பாட்டியும் சாமி. சிங்கள மக்களும் எங்களோடு நடந்தார்கள். தமிழே தெரியாத ஒருவர் என்னை "சாமி" என்று கூப்பிட்டுத் தன் தண்ணீரை நீட்டியபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

(காட்சி: வெட்டவெளி. காற்றில் பறக்கும் மணல்.)

ஒன்பது மணிக்கெல்லாம் மணல் சுடத் தொடங்கிவிடும். ஏன் இந்த வெயில் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். வைகாசி முதல் கொழும்பில் நாம் குடை பிடிப்பது தென்மேற்குப் பருவக்காற்றால். அதே காற்று மலைநாட்டில் ஏறும்போது தன் ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து, சூடாகிக் கிழக்குக்கு வருகிறது. அதைத்தான் அங்குள்ளவர்கள் கச்சான் என்கிறார்கள். கச்சானில் வியர்வை தோலிலேயே உலர்ந்துவிடும், ஈரம் தெரியாது. உடம்பில் தண்ணீர் குறைவது நமக்கே தெரியாமல் போவது அதனால்தான். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், நிற்கிற ஒவ்வொரு நிழலிலும் இரண்டு மிடறு குடியுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனி பக்கற் சிலவற்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள். என் காலில் கொப்புளம் வந்ததை எப்படியோ பொறுத்தேன். ஆனால் தலை சுற்றி ஒரு வீரைமரத்தடியில் உட்கார்ந்த அந்த அரை மணித்தியாலம் பயமாக இருந்தது. போத்தலில் தண்ணீர் இருந்தும் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் குடிக்காமல் நடந்திருந்தேன்.

உச்சி வெயிலில் நடை இல்லை. மர நிழலில் சோறு, பருப்பு, ஒரு சம்பல். சாப்பிட்டுப் படுத்தால் வெயில் சாயும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள். இப்போது பல இடங்களில் தாங்கி வைத்து, பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். முன்பு வறண்ட ஆற்று மணலைக் கையால் தோண்டி, ஊறி வருவதைச் சிரட்டையால் அள்ளிக் குடிப்பார்களாம். அந்த மட்டக்களப்பு அம்மா ஒரு மணல்திட்டில் எனக்குத் தோண்டிக் காட்டினார். முழங்கை ஆழத்தில் ஈரம், இன்னும் கொஞ்சம் தோண்டியதும் கலங்கலாக ஊற்று. தெளியும்வரை பொறுத்திருக்கச் சொன்னார். அதுவரை அவர் வள்ளியம்மன் கதை சொல்லிக்கொண்டிருந்தார், வேடர் வீட்டில் வளர்ந்த பெண்ணின் கதையை, தன் சொந்தக்காரப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல.

(காட்சி: இரவு. தீயைச் சுற்றிப் படுத்திருப்பவர்கள்.)

பொழுது சாய நாவலடி. வேலை மணலில் நட்டு விளக்கேற்றினோம். விறகு சேர்த்து மூட்டிய தீயை விலங்குகளுக்காக விடியும்வரை அணையவிடவில்லை, முறை வைத்து விழித்திருந்தோம். டோர்ச் வெளிச்சத்தில் காலில் ஒட்டிய உண்ணிகளைப் பொறுக்கி எடுத்து, கெண்டைக்காலுக்குச் சித்தாலேப வலித் தைலம் தடவிக்கொண்டு படுத்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லோருடைய போத்தல்களையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், எதில் எவ்வளவு மிச்சம் என்று. நாளைக்கு அடுத்த தங்குமிடமான வியாழைப் பக்கம் போகவேண்டும்.